அவுட்கியூ வந்துச்சு, உள்ள ஒண்ணுமில்ல: ஸ்பூல் ஃபைல் பேக்கப் அனுபவம்

சேலத்துல ஓமலூர் ரோட்டுப் பக்கம் ஒரு நூல் மில்லுல ஏஎஸ்/400-ங்கற ஐபிஎம் கம்ப்யூட்டரைப் பாத்துக்கறேங்க. ஐபிஎம் ஐ-னு பேர் மாத்தி வருஷமாச்சு, எங்க ஸ்டோர்ஸ் ஆளுங்களுக்கு இன்னும் அது பச்சை ஸ்கிரீன்தான்.

2012-ல கரண்ட் கட்டு உச்சத்துல இருந்தப்ப ஈபிக்கும் ஜெனரேட்டருக்கும் மாறி மாறி ஓடி ஒரு நாள் ரெண்டு டிஸ்க் ஒண்ணா படுத்துடுச்சு. தினமும் டேப் எடுக்கறோம், அஞ்சு ரோட்டுல மேனேஜர் வீட்டு பீரோவுல ஒரு செட் வேற இருக்குனு தெம்பாதான் ரீஸ்டோர் போட்டேன். ஃபைல் எல்லாம் வந்துச்சு, பிரிண்டுக்கான ரிப்போர்ட்டுங்க (இதுதான் ஸ்பூல் ஃபைல்) வரிசையா நிக்கற அவுட்கியூவும் வந்துச்சு, திறந்து பாத்தா காலி டிபன் பாக்ஸ் மாதிரி ஒரு ஸ்பூல் ஃபைல் கூட இல்ல. மூணு வருஷ பே-ஷீட்டு போச்சு. மறுபடி ரன் பண்ணலாம்ல-ம்பீங்க, வருஷக் கடைசில லீவ் பேலன்ஸ், ரேட்டு எல்லாம் மாறிடுது, பழைய ஷீட்டு அப்படியே வராது.

விஷயம் என்னன்னா, ஃபைல், கியூ எல்லாம் இருக்கற லைப்ரரியை டேப்புல எடுக்கற சேவ்லிப் கமாண்டுல ஸ்பூல் டேட்டாவுக்கு டீஃபால்ட் ‘ஸ்டார் நன்’ (*NONE, எதுவும் வேணாம்னு அர்த்தம்). கியூவோட கூடு மட்டும்தான் டேப்புக்குப் போகும். ‘ஸ்டார் ஆல்’ (*ALL) போட்டாதான் உள்ள இருக்கறதும் போகும். இந்த வசதி 2006-ல வி5ஆர்4 வெர்ஷன்லயே வந்தது, நாங்க ஆறு வருஷமா, கமாண்டோட ஆப்ஷனைக் காட்டற எஃப்4 தட்டிக்கூட பாக்கல. அதுக்கு முன்னாடி ஸ்பூலை 133 எழுத்து ஃபைலுக்கு காப்பி பண்ணி வைப்போம், எழுத்து மட்டும் தப்பிக்கும், ஃபான்ட்டு, ஃபார்ம் டைப்பு எல்லாம் போயிடும்.

அப்பலேர்ந்து ஸ்டார் ஆல்தான். ரீஸ்டோர் பண்ணா ஜாப் பேர், யூசர், நம்பர், தேதி எல்லாம் பழசு மாதிரியே வருது, இது நெஜமாவே நல்லாருக்கு. மொத மாசம் மட்டும் க்யூயூஎஸ்ஆர்சிஸ்-ங்கற (QUSRSYS) சிஸ்டம் லைப்ரரியை முழுசா எடுத்து ஜாப் லாக் (ஒவ்வொரு ஜாப்பும் ஓடின பதிவு) குப்பையெல்லாம் டேப்புல ஏத்தி ராத்திரி பேக்கப் காலையில ஷிஃப்டு ஆரம்பிக்கற வரைக்கும் இழுத்துச்சு, திட்டு வாங்கினேன். இப்ப பே-ஷீட்டு, ஸ்டாக் லெட்ஜருக்கு தனி லைப்ரரில தனி அவுட்கியூ.

குறைன்னா ஒண்ணு இருக்கு. கமாண்டுல ஒரே ஒரு ஸ்பூலை மட்டும் திருப்பி எடுக்க முடியாது, அதுக்கு ஏபிஐ (புரோகிராம்லேர்ந்து சிஸ்டத்தைக் கூப்பிடற வழி) வெச்சு புரோகிராம் எழுதணும், எனக்கு அதுக்கு எங்க நேரம். போன மார்ச்சுல ஆடிட்டர் ஒரு பழைய மஸ்டர் ரோல் கேட்டாரு. மொதல்ல கியூவை ஹோல்டு பண்ணிட்டுதான் முழு கியூவுக்கும் ரீஸ்டோர் போட்டேன், ரைட்டர் (அச்சுக்கு அனுப்பற புரோகிராம்) ஓடிட்டு இருந்தா அத்தனையும் பிரிண்டருக்குப் போயிடுமோனு பயம். சிஸ்டம்ல ஏற்கெனவே இருக்கறதை ரீஸ்டோர் விட்டுடுச்சு, நாங்க டெலிட் பண்ணதெல்லாம் திரும்ப வந்து உக்காந்துச்சு, நானூறுக்கு மேல. ஆடிட்டருக்கு ஒரு ஷீட்டு குடுத்துட்டு, மதியம் சாப்பாட்டை விட்டுட்டு மீதியை ‘4’ (டெலிட் ஆப்ஷன்) போட்டுப் போட்டு அழிச்சேன்.