மருத்துவமனை அவசரப் பிரிவு (ஏ அண்ட் இ) வரிசையைத் தாண்டலாம் என்று 860 வெள்ளி கட்டி ஏமாந்தேன்

அப்பா வார்டில் தூங்குகிறார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் தட்டுகிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று விடியற்காலை நாலரை மணி. சிங்கப்பூர் ஈசூன் வீட்டில் அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வயது 71. நெஞ்சில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது என்றார். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது, அவ்வளவு வியர்வை. அப்போதே அவசர ஆம்புலன்ஸுக்கான 995ஐ அழுத்தியிருக்க வேண்டும். அழுத்தவில்லை. போன வருஷம் வயிற்றுவலி என்று ஏ அண்ட் இ போய் ஆறு மணி நேரம் காத்துக்கிடந்தது என் மண்டையில் ஓடியது. அப்பாவும், "அங்க வேணாம்டா, உட்கார வச்சே கொன்னுடுவாங்க" என்றார்.

தேடியதும் முதலில் வந்தது, மருத்துவமனையில் சேர்த்துவிட உதவும் ஒரு சேவை. தனியார் ஆம்புலன்ஸ், கூடவே ஓர் ஆள், "காத்திருக்காமல் நேரடியாக வார்டு". பேர் போட மாட்டேன், அப்புறம் வக்கீல் கடிதத்துக்கும் நான்தான் அழ வேண்டும். வாட்ஸ்அப்பில் கேட்டேன். இரண்டே நிமிஷத்தில் அழைப்பு, அதுவும் தமிழில். "அண்ணே, பதறாதீங்க. உள்ள நமக்கு ஆள் இருக்கு. எங்கப்பா மாதிரி பாத்துக்கிறேன்." அந்த 'அண்ணே'யில்தான் விழுந்தேன். ஒரு பக்கம் அம்மா அழுகிறார், இன்னொரு பக்கம் காதில் நம்மூர்க் குரல். பேநவ்வில் பணம் அனுப்ப ஐந்து நொடிகூட ஆகவில்லை. 860 வெள்ளி.

பதினைந்து நிமிஷம் என்றவர்கள் ஐம்பது நிமிஷம் கழித்து வந்தார்கள். வண்டி போனது எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் அரசு மருத்துவமனைக்கு. 995 வண்டியும் அங்கேதான் போயிருக்கும். கூட வந்தவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய், எல்லாரும் போகிற அதே தாதியர் மேசைமுன் நிறுத்தினார். என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஆள் மாயம்.

தாதி இரத்த அழுத்தம், ஆக்சிஜன் பார்த்தார். நெஞ்சுவலி என்றதுமே இசிஜி. பி2 என்று பதிந்தார். அப்போதுதான் எனக்கு இந்தக் கணக்கே புரிந்தது: பி1 உயிர் ஊசலாடுகிறவர்கள், பி2 நடமாட முடியாத பெரிய அவசரம், பி3 நடந்து வரக்கூடிய அவசரம், பி4 பக்கத்து கிளினிக்கிலேயே பார்த்திருக்க வேண்டியது. முந்தி வந்தவருக்கு முந்தி என்பதே அங்கே கிடையாது. போன வருஷம் நான் பி3, அதனால்தான் அந்த ஆறு மணி நேரம். "நேரா வார்டுன்னு 860 வெள்ளி கட்டியிருக்கேனே" என்றேன். தாதி நிமிர்ந்து பார்த்தார். இங்கே யாரும் இடம் விற்க முடியாது, நெஞ்சுவலிக்கு ஏன் 995 கூப்பிடவில்லை என்று கேட்டார். என்ன சொல்வது?

ஆஸ்பிரின் கொடுத்து மானிட்டரில் மாட்டினார்கள். முதல் இரத்தப் பரிசோதனையில் ட்ரோபோனின் பெரிதாக ஏறவில்லை. இதயத் தசை அடிபட்டால் கசிகிற புரதம் அது. இரத்தத்தில் தெரியக் கொஞ்ச நேரம் பிடிக்குமாம், அதனால் சில மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். அதில் ஏறியிருந்தது. மாரடைப்புதான். படுக்கை காலியாகும்வரை ஏ அண்ட் இயிலேயே சிகிச்சை நடந்தது, மதியத்துக்கு மேல் வார்டு. 860 வெள்ளியால் ஒரு நிமிஷம்கூடக் குறையவில்லை. ஐம்பது நிமிஷம் கூடியதுதான் மிச்சம்.

சாயங்காலம் அழைத்தேன். "சேவை முழுசா கொடுத்தாச்சு" என்றார் ஒரு பெண். அடுத்து பேசியவர், "இசிஜி உடனே எடுத்தாங்கல்ல, அது எங்களாலதான்" என்றார். எப்படி வயிறு எரியும் பாருங்கள்! மூன்றாவது முறை அந்தப் பழைய குரலே வந்தது: ஒருங்கிணைப்புக் கட்டணத்தைத் திருப்பித் தர விதிமுறையில் இடமில்லையாம். உள்ளே ஆள் இருக்கு என்றீர்களே என்றேன். "அப்படி நான் சொல்லவே இல்லையே சார்." காலையில் அண்ணன், சாயங்காலம் சார். இன்று காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்தான் விழுகிறது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், டாக்டர் பக்கத்துப் படுக்கை வரை வந்துவிட்டார். சுருக்கமாகச் சொல்கிறேன். நெஞ்சுவலி, வாய் கோணுதல், ஒரு பக்கம் கைகால் விழுதல் என்றால் தேடாதீர்கள், 995. உண்மையான அவசரத்துக்கு அந்த வண்டிக்குக் காசு கிடையாது. பக்கவாதத்துக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதில் ஐம்பது நிமிஷம் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஏமாந்துவிட்டால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கும் போகலாம், இரண்டு வருஷத்துக்குள். நான் போகத்தான் போகிறேன். பேசியதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். 'உள்ளே ஆள்' என்றது அழைப்பில், 860 வெள்ளி போன ரசீதைத் தவிர என் கையில் ஒன்றுமில்லை.