யூனிபிவட் டோன்ஆர்ம்: முனை புதிது, சாய்வு பழையது

டர்ன்டேபிளில் ரெக்கார்டின்மேல் ஊசியைத் தாங்கும் கைதான் டோன்ஆர்ம். என்னுடையது யூனிபிவட், அதாவது ஒரே ஒரு கூர்முனையின்மேல் நிற்கும் கை. அந்தப் பிவட் முனையை மாற்றியாயிற்று. கழற்றிய முனையை லென்ஸ் வைத்துப் பார்த்தால், கூராக இருக்கவேண்டிய நுனியில் பளபளவென்று ஒரு தட்டைப் புள்ளி. கையை எடுத்து வைக்காமல் டர்ன்டேபிளை இடம் மாற்றினால் இதுதான் கதி. மொத்த எடையும் கண்ணுக்கே தெரியாத பரப்பில் உட்கார்ந்திருக்கிறது; ஒரு குலுக்கல் போதும், முனை மழுங்கும், முனை உட்காரும் கிண்ணத்தில் குழி விழும். பிறகு 'ஸ' வரும் இடமெல்லாம் சீறல்தான்.

சந்தேகம் வந்தால், ஆட்டத்தை அடக்க பிவட்டில் விட்டிருக்கும் சிலிக்கோன் திரவத்தைத் துடைத்துவிட்டு, கை உள்பக்கம் இழுபடுவதை ஈடுசெய்யும் ஆன்டி-ஸ்கேட்டிங்கையும் கழற்றிவிட்டு, பின்பக்க எடையான கவுண்டர்வெயிட்டைப் பூஜ்ய சமநிலைக்கு, அதாவது கை கிடையாக மிதக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பக்கவாட்டில் மெல்ல ஊதினால் கை மிதந்து போய் நிதானமாக நிற்கும். நடுவில் தயங்கினாலோ வெடுக்கென்று நின்றாலோ முனை போய்விட்டது.

புது முனையில் அந்தத் தயக்கம் இல்லை. ஆனால் வாங்கிய நாளிலிருந்து படுத்தும் தொல்லை மட்டும் அப்படியே இருக்கிறது: அசிமுத், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது ஊசி இடம் வலம் சாயாமல் நிற்பது, நிலைப்பதில்லை.

பேரிங்குகளில் பிடித்த வழக்கமான ஜிம்பல் கையில் இரண்டு அச்சுகள் உண்டு. கை மேலும் கீழும் போகும், இடமும் வலமும் போகும், தன் நீளவாக்கில் உருளாது. எஸ்எம்இ நிறுவனம் 1959-இல் கொண்டுவந்த 3009 கையில் செங்குத்து அசைவைக் கத்திமுனையும் பக்கவாட்டு அசைவைக் குண்டு பேரிங்கும் பார்த்துக்கொள்கின்றன, அதுவும் உருளாது. யூனிபிவட்டைத் தடுக்க எதுவுமே இல்லை. எடையைப் பிவட்டுக்குக் கீழே தொங்கவிட்டிருப்பதால் மட்டுமே, தலையாட்டி பொம்மை மாதிரி நிமிர்கிறது. அந்த நிமிர்த்தும் விசை சொற்பம். கையின் தலைப்பகுதியான ஹெட்ஷெல்லிலிருந்து வரும் மெல்லிய வயர்கள் பிவட் அருகே வெளியேறும் வளைவில் கொஞ்சம் முறுக்கு இருந்தாலே கை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். முனை மாற்றக் கையைத் தூக்கினோமா, வயர் வேறு மாதிரி படிந்தது. பழைய அளவெல்லாம் வீண்.

கண்ணாடித் துண்டில் ஊசியை வைத்து நேர்பார்ப்பது ஆரம்பத்துக்குச் சரி. அதற்குமேல், டெஸ்ட் ரெக்கார்டின் இடது சேனல் மட்டுமுள்ள 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியில் வலதில் எவ்வளவு கசிகிறது, வலது மட்டுமுள்ளதில் இடதில் எவ்வளவு என்று அளந்து, இரண்டையும் சமமாக்க வேண்டும். துளை மையம் விலகிய கவுண்டர்வெயிட்டைத் திருப்புவதே திருத்தம். மயிரிழை அளவுதான், ஆனால் திருப்பும்போது அது முன்பின் நகர்ந்து, ஊசி ரெக்கார்டை அழுத்தும் டிராக்கிங் விசையும் மாறிவிடும். மறுபடி தராசு. அதன் மேடை ரெக்கார்டின் உயரத்திலேயே இருக்கட்டும்: எடை கீழே தொங்கும் கையில் ஊசி உயர உயர விசையும் கூடும். தடிமனான தராசில் 2 கிராம் என்று வைத்தது ரெக்கார்டின் மேல் குறைவாகவே இருக்கும்.

சிலிக்கோனைத் துளித்துளியாக விட்டு, அது படியும்வரை காத்திருங்கள். குறைந்தால் கை ஆடும். கூடினால் தாழ்ந்த ஒலிகள் (பேஸ்) மந்தமாகும், அதோடு துளை மையம் தப்பிய ரெக்கார்டில் கை பின்தங்கி, ஊசி பொருந்தியிருக்கும் மெல்லிய தண்டான கேன்டிலீவர் பக்கவாட்டில் வளையும். வெல் டெம்பர்டு என்ற கையில் அதை வடிவமைத்த பில் ஃபயர்பா ஒரு கோல்ஃப் பந்தையே நூலில் தொங்கவிட்டுச் சிலிக்கோனில் அமிழ்த்திவிட்டார். மழுங்க முனையே கிடையாது. சில சமயம் அந்த மனிதர்மேல் பொறாமையாக இருக்கிறது.

இவ்வளவு திட்டியபிறகு இதையும் சொல்லவேண்டும். உலோகமும் உலோகமும் ஒரே புள்ளியில் எடையோடு அழுந்தி நிற்பதால் பேரிங்கில் தளர்ச்சி என்ற பேச்சே இல்லை. அமைப்பு சரியாக அமைந்த நாளில் குரலைச் சுற்றியுள்ள காற்றுகூடக் கேட்கிறது. ஜிம்பலில் அந்த அளவு எனக்குக் கிடைத்ததில்லை.

வாங்கலாமா என்றால், வேண்டாம். ஊசி அடங்கிய கார்ட்ரிட்ஜை அடிக்கடி மாற்றுபவர் கிட்டவே வரவேண்டாம். என்னுடையது விற்பனைக்கும் இல்லை. வயரைத்தான் மறுபடி தளர்த்தவேண்டும். இடதுபக்கம் சாய ஆரம்பித்துவிட்டது.