கியர் ஷிப்டர் "போய்விட்டது" என்று கடையில் சொன்னால்: ஓர் எச்சரிக்கை

சென்னையில் கியர் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கியர் மாறவில்லை என்று கொண்டுபோகும் சைக்கிளில், பழுதே ஆகாத ஷிப்டரை, அதாவது கியரை மாற்றும் கைவிசையை, கழற்றிவிட்டு, அதைவிட மட்டமான ஒன்றைப் பொருத்தி, ஒரிஜினலுக்கு உரிய பணத்தை வாங்கிக்கொள்ளும் பழக்கம் சில கடைகளில் இருக்கிறது. எனக்கு அது நடந்தது. கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. ஆனால் ஏமாற்றும் முறையைத் தெரிந்துகொண்டால் எந்தக் கடையிலும் நீங்கள் விழித்துக்கொள்ள முடியும்.

என்னுடையது பின்சக்கரத்தில் எட்டு கியர் உள்ள ஹைப்ரிட் சைக்கிள். வலப்பக்க டிரிக்கர் ஷிப்டரில், கட்டைவிரலால் தள்ளும் லீவர் ஒருநாள் எதிலும் பிடிக்காமல் வெறுமனே போய்த் திரும்பத் தொடங்கியது. செயின் மிகச் சிறிய பல்சக்கரத்திலேயே நின்றுவிட்டதால் மேம்பாலம் ஏறுவது பெரும்பாடாகிவிட்டது. கடைக்காரர் லீவரை இரண்டு முறை தள்ளிப் பார்த்தார்; மூடியைக்கூடத் திறக்கவில்லை. "உள்ளே பல்லு தேஞ்சுடுச்சு சார், இது ரிப்பேர் ஆகாது, செட்டா மாத்திடுங்க" என்றார். டிரிக்கர் வகை கையிருப்பில் இல்லை என்றும், அதே தரத்தில் பிடியைத் திருகி மாற்றும் வகை இருக்கிறது, அது இன்னும் அதிக நாள் உழைக்கும் என்றும் சொன்னார். 1,850 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்த பில்லில் "கியர் செட் ஒரிஜினல் – 1" என்று மட்டும் இருந்தது. கம்பெனிப் பெயரோ மாடல் எண்ணோ இல்லை. பழைய ஷிப்டரைக் கேட்டபோது, "அது எதுக்கு சார், குப்பைக்குத்தானே போகும்" என்று இழுத்தடித்தார். விடாமல் கேட்டு வாங்கி வந்தேன். மற்ற எல்லாமும் வெளிப்பட்டது அதனால்தான்.

புதிதாகப் பொருத்தியது மழைக்காலத்தைக்கூடத் தாண்டவில்லை. முதலில், மிதியில் அழுத்தம் கொடுக்கும்போதெல்லாம் செயின் தானாகவே ஒரு பல்சக்கரம் இறங்கியது. பிறகு, திருகும்போது கேட்கும் "டிக்" ஓசையே மங்கிப்போய், பிடி நின்ற இடத்தில் நிற்காமல் நழுவியது. திரும்பக் கொண்டுபோனபோது, ஷிப்டரைப் பற்றிப் பேசாமல், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் பின்பக்க டீரெய்லர் வளைந்துவிட்டது, அதையும் மாற்ற வேண்டும் என்றார். அத்துடன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பல காலமாகப் பந்தய சைக்கிள்களைப் பழுது பார்த்துவரும் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் டீரெய்லரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, அதில் குறை ஒன்றுமில்லை என்றார். கேபிளை உருவி, அதன் மேலுறையான அவுட்டரின் வெட்டிய முனையை என்னிடம் காட்டினார். உள்ளே ஒரே தட்டைக் கம்பி சுருள் சுருளாகச் சுற்றியிருந்தது. அது பிரேக்குக்கு உரிய 5 மி.மீ. அவுட்டர். கியருக்கு உரியதைப் பெரும்பாலும் 4 மி.மீ. பருமனில் செய்கிறார்கள், அதன் முனையில் மெல்லிய கம்பிகள் பல, நீளவாக்கில் வரிசையாக நிற்பது கண்ணுக்குத் தெரியும். சுருள் அவுட்டர், இழுக்கும்போது நசுங்கும். ஹேண்டிலைத் திருப்பினாலும் அதன் நீளம் சற்றே மாறும். சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் எட்டு கியர் அமைப்பில் ஒரு கியருக்குக் கேபிள் நகர்வது சுமார் 2.8 மி.மீ. மட்டுமே என்பதால், அரை மில்லிமீட்டர் பிசகினாலும் செயின் இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே தடுமாறும். இதற்கு நேர்மாறாகக் கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போடுவது அதைவிட ஆபத்து. பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும் நேரத்தில் அது பிளந்துபோகக்கூடும். உங்கள் சைக்கிளில் எது எங்கே போகிறது என்பதை இன்றே பார்த்துவிடுங்கள்.

பிறகு, நான் வாங்கி வைத்திருந்த பழைய ஷிப்டரின் அடிமூடியைத் திறந்தார். பற்கள் தேய்ந்திருக்கவில்லை. அவற்றுக்கு இடையே பழுப்பு நிறத்தில் மெழுகுபோல் இறுகிய கிரீஸ் படிந்திருந்தது. டிரிக்கர் ஷிப்டருக்குள் சிறு ஸ்பிரிங்கால் தள்ளப்படும் கொக்கிகள் பல்லில் விழுந்துதான் கேபிளை இழுக்கின்றன. தொழிற்சாலையில் இட்ட கிரீஸ் காலப்போக்கில் இறுகினால், அந்த மெல்லிய ஸ்பிரிங்கால் கொக்கியைப் பல்லுக்குள் தள்ள முடிவதில்லை. அதனால்தான் லீவர் வெறுமனே ஆடுகிறது. கிரீஸைக் கரைக்கும் ஸ்பிரேயை உள்ளே அடித்து, இரண்டு லீவர்களையும் மாறி மாறித் தள்ளிக்கொண்டே இருந்தார், கறுத்த நீர் வடிந்தது, மறுபடி அடித்தார். சற்று நேரத்தில் ஒரு "டிக்", பிறகு அடுத்தது, பிறகு எட்டு நிலைகளும் வந்துவிட்டன. ஸ்பிரே பழைய கிரீஸைக் கழுவிவிடுவதால், காய்ந்த பின் மெல்லிய எண்ணெய் சில துளிகள் விட வேண்டும் என்றார். தின்னர் ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் பாகங்கள் கெட்டுவிடும்.

2020 பொதுமுடக்கத்தின்போது நாடெங்கும் சைக்கிள் விற்பனை கூடியது. அப்போது வாங்கிப் பின்னர் மாடிப்படிக்கு அடியில் நின்றுபோன கியர் சைக்கிள்கள் ஏராளம். ஓடாமல் நிற்கும் சைக்கிளில்தான் கிரீஸ் அதிகமாக இறுகுகிறது. அவற்றை மறுபடி எடுத்து ஓட்ட நினைப்பவர்களில் பலர் இதே குறையோடு கடைக்குப் போவார்கள் என்பதே என் கவலை.

திருகும் வகையே அதிகம் உழைக்கும் என்று கடைக்காரர் சொன்னது பொதுவில் உண்மையாகாது. 1987-இல் சிகாகோவில் தொடங்கிய ஸ்ராம் நிறுவனம் இவ்வகை ஷிப்டரோடுதான் தொழிலுக்கு வந்தது. நல்ல தயாரிப்பில் உள்பாகங்கள் குறைவு, பராமரித்தால் நெடுநாள் உழைக்கும். ஆனால் பெயரில்லாத மலிவுச் சரக்கில் பிளாஸ்டிக் பள்ளங்களில் ஒரு ஸ்பிரிங் தகடு அமர்வதுதான் கியரை நிறுத்தும் ஒரே பிடிமானம்; பள்ளம் மழுங்கியதும் டீரெய்லரின் ஸ்பிரிங் கேபிளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். என் சைக்கிளில் நேர்ந்தது அதுவே.

உழைப்பை மட்டும் பார்த்தால், பழைய ரோடு சைக்கிள்களின் சட்டத்தில் (ஃபிரேமில்) இருக்கும், நிலைகள் இல்லாத, உராய்வால் மட்டும் நிற்கும் லீவருக்கு இணை எதுவுமில்லை என்பது என் முடிவு. உள்ளே கொக்கி கிடையாது. தளர்ந்தால் ஒரு திருகை முறுக்கினால் போதும். 1984-இல் ஷிமானோ தன் எஸ்ஐஎஸ் முறையைக் கொண்டுவந்த பிறகு, ஒரு சொடுக்குக்கு ஒரு கியர் என்பது வழக்கமாகி, வசதி கூடியது. உள்ளே நுண்ணிய பாகங்களும் கூடின. தைவானின் மைக்ரோஷிப்ட் நிறுவனம் உராய்வு, சொடுக்கு ஆகிய இரண்டு முறைகளுக்கும் மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டைவிரல் ஷிப்டர்களைச் செய்கிறது. கரடுமுரடாகப் பயன்படுத்துபவர்களுக்கு அதுவே நல்ல தேர்வு.

பிரேக்கும் கியரும் ஒரே லீவரில் உள்ள ரோடு சைக்கிள்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்கள் இழக்கக்கூடிய தொகை பெரிது. அந்த வகையில் கேபிள் லீவருக்குள்ளேயே குறுகலாக வளைந்து போவதால், அதன் இழைகள் லீவருக்குள் மாட்டியிருக்கும் தலைப்பகுதிக்கு அருகே ஒவ்வொன்றாக அறுபடும். கியர் நிலையில்லாமல் மாறுவதே முதல் அறிகுறி. முழுவதும் அறுந்தால், கேபிளின் தலை உள்ளே சிக்கிக்கொண்டு லீவரே செத்துவிட்டதுபோல் தோன்றும்; பொறுமையாக எடுத்தால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். அதையும் "போய்விட்டது" என்று சொல்லி ஜோடியாக மாற்றச் சொல்வார்கள். ஆகவே, இழை பிரியும் முன்பே, அவுட்டருக்குள் ஓடும் இன்னர் கேபிளை மாற்றிவிடுங்கள். அதன் விலை லீவரின் விலையோடு ஒப்பிடத் தக்கதே அல்ல.

கடையில் கேட்க வேண்டியவை அதிகமில்லை. மூடியைத் திறந்து, தேய்ந்த பல்லை உங்கள் கண்ணுக்குக் காட்டச் சொல்லுங்கள். பொருத்தப்போகும் ஷிப்டரின் கம்பெனி, மாடல், கியர் எண்ணிக்கை ஆகிய மூன்றும் பில்லில் இருக்க வேண்டும். பில் தர மறுப்பதே, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறை. கழற்றிய பாகம் உங்களுடையது. அதை விட்டுவிட்டு வராதீர்கள்.

பழைய ஷிப்டரையே திரும்பப் பொருத்தி, சரியான அவுட்டர் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பணத்தைத் திருப்பித் தர அந்தக் கடை மறுத்துவிட்டதால், பில்லின் படம், மழுங்கிய பிடியின் படம், வெட்டிய அவுட்டரின் படம் ஆகியவற்றோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் வழியாகப் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குக் கொண்டுபோவேன்.