ஷூ இல்லாவிட்டால் டிரெட்மில் கிடையாது

நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். போன வருஷம் பெரியப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து அப்பாவையும் ஒருதடவை முழுசாகப் பார்த்துவிடவேண்டும் என்று இங்கிலாந்தில் லெஸ்டரில் இருந்தபடியே போன் போட்டு இதய பேக்கேஜ் புக் பண்ணியிருந்தேன். வெறும் வயிற்றோடு ஏழரைக்கு வரச் சொன்னார்கள். விடியுமுன் ஒரு கட்டன் சாயா உள்ளே போகாவிட்டால் யாரோடும் பேசாத மனுஷனை அதுவும் கொடுக்காமல் குலசேகரத்திலிருந்து இருட்டோடு கூட்டிக்கொண்டு போனேன்.

ரத்தம், மூத்திரம், எக்ஸ்ரே எல்லாம் மளமளவென்று முடிந்தது. டிரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைச் சோதிக்கும் டிஎம்டி அறை வாசலில்தான் மாட்டிக்கொண்டோம்.

"ஷூ எங்க சார்? பேண்டும் வேணும். வேட்டியோட ஏத்த மாட்டோம்."

வேட்டி பெல்ட்டில் சிக்கும், அது சரி. ஆனால் அதைப் போனில் சொன்னால் என்ன? காசு அனுப்பச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டவர்களுக்கு இந்த ஒரு வரி சொல்ல வாய் வரவில்லை. அப்பா ஐம்பது வருஷம் ரப்பர் வெட்டியவர். மழையில் வழுக்கும் சரிவில் வெறுங்காலோடு மரத்துக்கு மரம் ஏறி இறங்கியவர். "எனக்க காலுக்கு எழுபத்தாறு வயசு வர ஒருத்தனும் ஷூ கேட்டதில்ல மக்கா" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அவரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வடசேரிக்கு ஓடினேன். எட்டு மணிக்கு எந்தச் செருப்புக்கடை திறந்திருக்கும்? ஷட்டரைப் பாதி தூக்கிக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சியிடம் கெஞ்சி, தொள்ளாயிரம் ரூபாய்க்கு ஒரு ஷூ வாங்கி, பக்கத்திலேயே ஒரு டிராக் பேண்டும் வாங்கிக்கொண்டு வந்தால் ஒன்பது நம்பர் உள்ளே போகவில்லை. பரந்த பாதம். மறுபடி ஆட்டோ, மறுபடி அண்ணாச்சி, பத்தாம் நம்பர். அதில் குதிகால் கழன்று வந்தது, சாக்ஸுக்குள் பஞ்சு வைத்துச் சரிசெய்தோம். லெஸ்டரில் என்றால் என்ன உடுத்த வேண்டும், என்ன சாப்பிடக்கூடாது என்று பெரிய எழுத்தில் கடிதமே வீட்டுக்கு வந்துவிடும். அந்தக் கடிதத்தில் தேதி மூன்று மாதம் கழித்து இருக்கும், அது வேறு விஷயம்.

டிரெட்மில்லில் வழக்கமாக நடப்பது இதுதான்: மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றத்தில் தொடங்கும். மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். 220-இல் வயதைக் கழித்து, அதில் 85 சதவீதம் வரை இதயத்துடிப்பை ஏற்றுவார்கள். அப்பாவுக்கு அது 122. இதயத்துக்கு வேலை கூடும்போது ஈசிஜி கோடு தாழ்கிறதா, நெஞ்சு வலிக்கிறதா, எத்தனை நிமிஷம் தாங்கினார் என்று பார்த்து, மாரடைப்பு ஆபத்து எவ்வளவு என்று கணிப்பார்கள்.

ஒயர் ஒட்ட வந்த டெக்னீஷியன் பெண்ணுக்கு மிஞ்சிப்போனால் இருபத்தைந்து வயது இருக்கும். அப்பாவின் மணிக்கட்டைச் சும்மா பிடித்தவர் விடவேயில்லை, சுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "தாத்தா, துடிப்பு தாளமில்லாம ஓடுதே" என்றார். காலையில் மெஷினில் பிபி பார்த்தவர்கள் பிரஷரை மட்டும் எழுதிவிட்டு, துடிப்புக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருந்தார்கள். ஈசிஜி எடுத்தால் நிமிஷத்துக்கு 130. ஓடவைத்து 122-க்குக் கொண்டுபோக வேண்டிய இதயம், உட்கார்ந்த இடத்திலேயே அதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது!

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும், உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியாகும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இது இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து ஐந்து மடங்கு என்றார் டாக்டர். டிரெட்மில்லை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, மருந்துக் கம்பெனி கொடுத்த நோட்பேடில் பக்கவாத ஆபத்துக்கு ஒரு கணக்குப் போட்டார். சாட்ஸ்-வாஸ்க் என்று பெயராம். 75 வயது தாண்டியதற்கு 2, பிரஷருக்கு 1, சுகருக்கு 1, மொத்தம் 4. ஆணுக்கு 2 வந்தாலே ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஆரம்பித்துவிடுவார்களாம்.

எனக்கு லெஸ்டரில் போன வருஷம் இதுபோல ஒரு கணக்குப் போட்டார்கள். 40 வயதிலிருந்து 74 வரை, ஏற்கெனவே இதய நோய், சுகர் மாதிரி எதுவும் இல்லாதவர்களை இந்தச் சோதனைக்குக் கூப்பிடுவார்கள். நர்ஸ் கம்ப்யூட்டரில் வயது, பிரஷர், கொலஸ்ட்ரால், சிகரெட், இந்திய வம்சாவளியா என்பது வரை தட்டினார், அடுத்த 10 வருஷத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வர இத்தனை சதவீதம் என்று வந்தது. 10-ஐத் தொட்டால், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை போடலாமா என்று கேட்பார்கள். நம்மாட்களுக்கு ஆபத்து கூடுதல் என்று அந்தக் கணக்கிலேயே சேர்த்திருக்கிறார்கள், அதற்கு அந்த ஊரைப் பாராட்டத்தான் வேண்டும். அங்கேயும் அந்த நர்ஸ் என் நாடியைப் பிடித்துப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

இதயத்தை ஸ்கேன் பண்ணிப் பார்க்கும் எக்கோ அரைமணி நேரத்தில் முடிந்தது. லெஸ்டர் நண்பர் ஒருவர் அதற்கு நாலு மாதம் காத்திருந்தார். இடது மேலறை கொஞ்சம் பெருத்திருக்கிறது, வால்வுகள் நன்றாக இருக்கின்றன, பம்ப் செய்வதும் மோசமில்லை. துடிப்பை இறக்க ஒரு மாத்திரை, ரத்தத்துக்கு ஒன்று. முருங்கைக்கீரை சாப்பிடலாமா என்பதுதான் அப்பாவின் ஒரே கேள்வி. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் பழைய வார்ஃபரின் மாத்திரை என்றால் கீரையில் கவனமாக இருக்கணும், இதற்கு அந்தக் கவலை இல்லை என்றார் டாக்டர்.

பில் கவுண்டரில் அடுத்த சண்டை. நடக்காத டிஎம்டிக்குக் காசைத் திருப்பித்தா என்றால், பேக்கேஜில் ரீஃபண்ட் கிடையாது, துடிப்பு அடங்கியதும் வந்து செய்துகொள்ளுங்கள், ஆறு மாதம் செல்லும் என்று ஒரு சீட்டு நீட்டினார்கள். அரைமணி நேரம் வாதாடியும் ஒன்றும் நடக்கவில்லை. அந்த டெக்னீஷியன் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன் என்பது திருவனந்தபுரத்தில் விமானம் ஏறின பிறகுதான் உறைத்தது.

ஷூவை அப்பா மறுநாளே பக்கத்து வீட்டுப் பையனுக்கு, பந்து விளையாட வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார். போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததாம். டிஎம்டிக்குத் தேதி போட்டிருக்கிறது, மறக்காமல் ஷூ போட்டுக்கொண்டு வரவேண்டும் என்று.