கான்ட்ராக்டர் நடத்துற லேபா, நேரடி கவர்மென்ட் லேபா: நான் ஏன் முதலாவதுக்குப் போனேன்

அமெரிக்காவுல போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்கு அப்புறம் செய்யுற தற்காலிக ஆராய்ச்சி வேலை) முடியுற சமயம் என் கையில ரெண்டு ஆஃபர். ஒண்ணு நேரடி ஃபெடரல், அதாவது மத்திய கவர்மென்ட் வேலை, இன்னொண்ணு எனர்ஜி டிபார்ட்மென்ட்டோட நேஷனல் லேப். கல்யாணம் வழியா கிரீன் கார்டு வந்து சிட்டிசனும் ஆகியிருந்தேன், இல்லன்னா ஃபெடரல் பக்கம் பேச்சே வந்திருக்காது. லேபுக்குத்தான் போனேன், இன்னைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அந்த டிபார்ட்மென்ட்டுக்கு 17 லேப், அதுல 16-ஐ நடத்துறது வெளியாள்தான். ஆர்கான் லேப்னா சிகாகோ யூனிவர்சிட்டியோட கம்பெனி, ஓக் ரிட்ஜ் லேப்னா 2000-லேர்ந்து டென்னசி யூனிவர்சிட்டியும் பேட்டல்ங்கிற ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து. என்.இ.டி.எல்.ங்கிற எனர்ஜி டெக்னாலஜி லேப் மட்டும் கவர்மென்ட்டே நேரா நடத்துது. என் மைக்ராஸ்கோப்புல கவர்மென்ட் சொத்துன்னு பார்கோட் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், என் பே ஸ்டப்புல (சம்பளச் சீட்டுல) ஒரு கம்பெனி பேர் இருக்கும். இந்த ஏற்பாடு அவ்வளவுதான்.

எனக்கு வந்த ரெண்டு ஆஃபர்லயும் சம்பளம், லீவு எல்லாம் பெரிய வித்தியாசம் இல்ல. எல்லாரும் பயப்படுறது ஒண்ணுக்குத்தான், கான்ட்ராக்ட் கைமாறினா நம்ம வேலை என்னாகும்? லாஸ் அலமோஸ்ங்கிற அணு ஆயுத லேபை 1943-லேர்ந்து கலிஃபோர்னியா யூனிவர்சிட்டி நடத்துச்சு, 2006-ல பெக்டெல்ங்கிற இன்ஜினியரிங் கம்பெனியும் சேர்ந்த ஒரு கம்பெனி கைக்குப் போச்சு, 2018-ல ட்ரையாட்ங்கிற இன்னொரு கம்பெனி. இன்னொரு அணு ஆயுத லேபான சாண்டியாவும் ஏடி அண்ட் டி, மார்ட்டின் மரியட்டா, லாக்ஹீட்னு மாறி 2017-லேர்ந்து ஹனிவெல் கையில. ஒவ்வொரு தடவையும் மேல இருக்குற சில பேர் மாறுவாங்க, பெரும்பாலான ஆளுங்க அதே சீட்லதான் இருப்பாங்க. அடி விழுறது பென்ஷன்ல. 2006-க்கு அப்புறம் லாஸ் அலமோஸ்ல புதுசா சேர்ந்தவங்களுக்கு பழைய மாதிரி பென்ஷன் கிடையாது, 401(கே)ங்கிற சேமிப்புக் கணக்கு மட்டும்தான். அதனால ஆஃபர் வந்ததும் மொத கேள்வியா சர்வீஸ் வருஷம் புது கம்பெனிக்குக் கூடவே வருமா, ரிட்டயர்மென்ட் பணம் எப்ப முழுசா என்னோடது ஆகும்னு ரெண்டையும் எழுத்துல கேட்டு வாங்கிடுங்க.

ஃபெடரல் பக்கம் இதுல நிஜமாவே பலம் ஜாஸ்தி. 30 வருஷம் இருந்தா, அதிகமா வாங்குன 3 வருஷ சராசரி சம்பளத்துல 30 சதவீதம் வருஷா வருஷம் பென்ஷனா ஆயுசுக்கும் வரும். ஆனா பட்ஜெட் பாஸ் ஆகாம கவர்மென்ட் ஆபீஸ்களை மூடுன 2018-19 ஷட்டவுன் 35 நாள் ஓடுனப்ப நாசாவோட நேரடி ஊழியர்கள் பெரும்பாலும் வீட்டுல உக்கார்ந்திருந்தாங்க, கால்டெக் யூனிவர்சிட்டி நாசாவுக்காக நடத்துற ஜே.பி.எல். லேப்ல வேலை நடந்துச்சு. அதுக்காக அங்க எல்லாம் பத்திரம்னு நான் சொல்லல, அதே ஜே.பி.எல். 2024 பிப்ரவரியில சுமார் 530 பேரை ஒரே நாள்ல அனுப்புச்சு. அணு ஆயுத லேப்ல நான் வேலை பார்த்ததில்ல, அதனால நான் சொல்றதை அங்க அப்படியே எடுத்துக்காதீங்க.

எங்க லேப்லயும் கான்ட்ராக்டர் மாறுச்சு. காலையில வரிசையில நின்னு புது பேட்ஜ் வாங்கி, அதே ரூமுக்குப் போய் முந்தின நாள் பாதியில விட்ட சாம்பிளையே பார்த்தேன். ஆனா என் லீவு கணக்குல 11 நாள் காணோம், ரெண்டு வாரம் எச்.ஆர். பின்னாடி அலைஞ்சேன், முந்தின மாச பே ஸ்டப்பை பிரிண்ட் எடுத்து வச்சிருந்ததாலதான் அது திரும்பக் கிடைச்சுது.