குறியீடு காட்டாத கேம்கள்: ஓராண்டு அனுபவம்

கடந்த ஓராண்டாக நான் பெரிய ஓப்பன் வேர்ல்டு வீடியோ கேம்கள், அதாவது ஒரு பெரிய உலகத்தில் இஷ்டம்போல் சுற்றும் கேம்கள் பக்கம் போகவே இல்லை. வரைபடம் முழுக்கக் குறிகள், லெவல் ஏற்றினால்தான் அடுத்த ஊர், எங்கே போனாலும் அம்புக்குறி. அலுத்துவிட்டது. அதனால் ஆடுபவருக்குத் தெரிந்த விஷயம் மட்டுமே வழி திறக்கும் கேம்களாகத் தேடித்தேடி ஆடினேன். முடித்துப் பல மாதங்கள் ஆன பிறகும் மனதில் நிற்கிற நான்கைப் பற்றிச் சொல்கிறேன். கதை முடிச்சுகளை அவிழ்க்க மாட்டேன், பயப்படாமல் படிக்கலாம்.

முதல் இடம் சந்தேகமே இல்லாமல் அவுட்டர் வைல்ட்ஸுக்குத்தான். அலெக்ஸ் பீச்சம் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்காகத் தொடங்கிய வேலை, 2019இல் மோபியஸ் டிஜிட்டல் வழியாக முழு கேமாக வெளிவந்தது. ஒரு சின்ன சூரியக் குடும்பம், மரப்பலகைகளை இணைத்துச் செய்த ஒரு விண்கலம், 22 நிமிடம். அதற்குள் சூரியன் வெடித்துவிடும். மறுபடி தொடங்கிய இடத்திலேயே கண் விழிப்போம். கலத்தை மேம்படுத்த வழி கிடையாது, சேர்க்க வேண்டிய புள்ளிகளும் கிடையாது. முடிவை எட்டத் தேவையான கருவிகள் எல்லாம் ஆரம்பத்திலேயே கையில் இருக்கின்றன. எங்கே, எப்போது, எப்படி என்பதுதான் தெரியாது.

இந்த கேமை நான் இவ்வளவு நேசிக்கக் காரணம், அந்தக் கிரகங்கள் நமக்காகக் காத்திருப்பதில்லை என்பது. இரட்டைக் கிரகங்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மணல் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் குகைகள் மூடிக்கொண்டு வர, மறுபக்கம் புதைந்திருந்த கட்டடங்கள் தலைகாட்டும். பிரிட்டில் ஹாலோ என்ற கிரகத்தின் தரை துண்டு துண்டாக உடைந்து நடுவிலிருக்கும் கருந்துளைக்குள் விழும். நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் எல்லாம் அதனதன் நேரத்தில் நடக்கும். டார்க் பிராம்பிள் என்ற கிரகத்துக்குள் நுழைந்தபோது எனக்கு உண்மையிலேயே கை வியர்த்தது. ஆனால் வேறொரு கிரகத்தில் படித்த ஒரு சிறு குறிப்பு அங்கே உயிரைக் காக்கும். அப்படி ஒரு இணைப்பு மனதில் 'சட்'டென்று விழும்போது வரும் மகிழ்ச்சியை எந்தப் பெரிய வாளும் கவசமும் எனக்குத் தந்ததில்லை.

இந்த கேமுக்கு ஆண்ட்ரூ பிராலோ அமைத்த இசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெவ்வேறு கிரகங்களில் தனித்தனியாகத் தங்கியிருக்கும் பயணிகள் ஆளுக்கொரு வாத்தியம் வாசிப்பார்கள். தூரத்தில் போய் நின்று அலைவாங்கியை அவர்கள் பக்கம் திருப்பினால் எல்லாம் சேர்ந்து ஒரே பாட்டாகக் கேட்கும். வேலை எதுவும் இல்லாமல், அதைக் கேட்பதற்காகவே கலத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. கலத்தை ஓட்டப் பழக நேரமாகும். தானியங்கி ஓட்டத்தை நம்பி விட்டால், நடுவில் சூரியன் இருந்தாலும் நேராக அதற்குள்ளேயே போகும். 2021இல் வந்த எக்கோஸ் ஆஃப் தி ஐ விரிவாக்கத்தின் இருட்டுப் பகுதிகள் எனக்கு இழுவையாகத் தெரிந்தன. பயம் அதிகமுள்ளவர்கள் கேமின் செட்டிங்ஸில் பயமுறுத்தலைக் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். லூகாஸ் போப் கிட்டத்தட்டத் தனியாளாக உருவாக்கி 2018இல் வெளியிட்டார். காணாமல் போன கப்பல் ஒன்று 1807இல் ஃபால்மவுத் துறைமுகத்துக்கு ஆளில்லாமல் திரும்பி வருகிறது. நாம் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர். கையில் ஒரு மாயக் கடிகாரம். எலும்புக்கூட்டின் அருகே அதைத் திறந்தால் அந்த மனிதரின் கடைசி நொடிகள் காதில் விழும், பிறகு அந்தக் கணம் உறைந்து நிற்கும். அதற்குள் நடந்து பார்த்து, 60 பேரில் யார் யார், என்ன ஆனார்கள் என்று எழுத வேண்டும். மூன்று பேரைச் சரியாகச் சொன்னால்தான் கேம் அதை உறுதிப்படுத்தும், அதனால் குருட்டு யூகம் எளிதில் பலிக்காது. பேச்சு வழக்கு, உடுப்பு, தொங்கும் படுக்கையின் எண் என எல்லாமே துப்பு. கம்பெனிக் கப்பல்களில் இந்திய மாலுமிகள் வேலை பார்த்தது வரலாறு, இந்தக் கப்பலிலும் அவர்கள் இருக்கிறார்கள். ஒரே எரிச்சல், பழைய காட்சியை மறுபடி பார்க்க அந்த உடல் கிடக்கும் இடத்துக்கே நடந்து போக வேண்டும். கடைசிப் பகுதியில் இது பொறுமையைச் சோதிக்கும்.

மூன்றாவது சாண்ட்ஸ் ஆஃப் சென்னார், பிரான்சின் ரண்டிஸ்க் குழு உருவாக்கி 2023இல் வெளிவந்தது. ஒரு கோபுரம், தளத்துக்கொரு எழுத்துமுறை, சூழலைப் பார்த்துப் பொருளை ஊகிக்க வேண்டும். அருமையான யோசனை. ஒளிந்து ஒளிந்து போகும் பகுதிகள் மட்டும் தேவையே இல்லை.

அப்புறம் வெண்பா. 2023இல் டொரொண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்டது. எண்பதுகளின் இறுதியில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேடு, விடுபட்ட வரிகளை நிரப்பிச் சமைப்பதுதான் ஆட்டம். மற்ற மூன்றிலும் நான் உள்ளே போய்க் கற்றதை வைத்து ஆடினேன். இங்கே அறிவு எனக்கு முன்பே வீட்டில் கிடைத்திருந்தது. ஆவி எல்லாக் குழிக்கும் போகும்படி இட்லித் தட்டுகளை மாற்றி அடுக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதனால் புதிர்கள் சுலபம்தான், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தும் விடும். ஆனாலும் மகன் கவின் வளர வளர வீட்டுக்குள் விழும் இடைவெளியைப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் எதுவும் ஆடவில்லை.

இவற்றில் பெரும்பாலானவற்றை இரண்டாவது முறை ஆடுவதில் அர்த்தமில்லை, விடை தெரிந்துவிட்டால் போச்சு. புதிதாக ஆடுபவர்கள் யூடியூபில் எதையும் தேடாமல் நேராக இறங்குங்கள். சாதாரண மடிக்கணினி வைத்திருப்பவர்கள் ஓப்ரா டின்னில் தொடங்கலாம், அது கனமில்லாமல் ஓடும். அவுட்டர் வைல்ட்ஸுக்கு மட்டும் ஒரு கன்ட்ரோலர் கடன் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள்.