நாணயச்சாலையில் பிறந்த பிழையும் பட்டறையில் பிறந்த பிழையும்

சில வருடங்களுக்கு முன் ஒரு நாணயக் கண்காட்சியில், ஓரம் கடிபட்ட ஒரு ரூபாய் காசு ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் கடித்த இடத்தில் அரத்தால் ராவிய கீறல்கள் தெரிந்தன. அன்றிலிருந்து எந்த எரர் காயினை, அதாவது நாணயச்சாலையிலேயே பிழையாக அடிபட்டது என்று சொல்லும் காசைக் கொடுத்தாலும் பிழை இருக்கும் இடத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது அதற்கு நேரெதிர் இடம்.

கடிபட்ட காசையே எடுத்துக்கொள்வோம். நீளமான உலோகப் பட்டையிலிருந்து வில்லைகளை (இன்னும் படம் அடிக்காத வெற்று வட்டங்களை) வெட்டும்போது பட்டை சரியாக நகராவிட்டால், ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேலேயே வெட்டு விழும். பிறை வடிவில் ஒரு துண்டு குறையும். அடுத்த கட்டத்தில் வில்லையின் ஓரத்தை அழுத்தி மேடாக்குவார்கள். ஒரு பக்கம் உலோகமே இல்லையென்றால் எதிர்ப்பக்கத்துக்கும் அழுத்தம் கிடைக்காது. அதனால் அசல் பிழையில் கடிக்கு நேர் எதிரே ஓர விளிம்பு மழுங்கிப்போயிருப்பது வழக்கம். கடியை ஒட்டிய எழுத்துகளும் அந்தப் பக்கமாக இழுபட்டுத் தேய்ந்து முடியும். பிற்பாடு வெட்டிய காசில் எழுத்து கத்தி வைத்தாற்போல் பாதியில் நிற்கும், எதிரே விளிம்பு முழுசாக இருக்கும். என்னுடையதில் அப்படித்தான் இருந்தது. தராசு இங்கே உதவாது. இரண்டிலுமே எடை குறையும்.

அடுத்தது, இரண்டு பக்கமும் சிங்கம் இருக்கும் காசு. ஒரு பக்கம் வழக்கம்போல மேடாகவும், மறுபக்கம் இடவலம் மாறிக் குழிவாகவும் இருக்கும். ப்ரோக்கேஜ் என்பார்கள். அடித்த காசு வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்து வரும் வில்லைக்கு அந்தக் காசே அச்சாகிவிடுகிறது. இதைப் போலியாகச் செய்வது எளிது: இரண்டு காசுகளைச் சேர்த்து வைஸில் (பட்டறையில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) இறுக்கினால் போதும். ஆனால் அசலில் மதிப்பு எழுதிய பக்கத்தின் அச்சு வில்லையைத் தொடவே இல்லை. ஆகவே குழிந்த சிங்கத்துக்கு அடியில் ரூபாய் இலக்கத்தின் சுவடு தெரிந்தால் கதை முடிந்தது. காசைத் திருப்பினால் மேடான சிங்கமும் வைஸின் தாடை பட்டுத் தட்டையாகியிருக்கும். ஒரு எச்சரிக்கை: ஒட்டிய காசு அடி வாங்க வாங்க விரிந்துகொண்டே போகும், அதனால் அசலிலும் பிம்பம் மங்கலாக இருக்கலாம். மங்கல் என்பதற்காகவே தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அச்சு விரிசலுக்கும் கீறலுக்கும் இவ்வளவு பாடு வேண்டாம். விரிசல் விழுந்த அச்சுக்குள் உலோகம் புகுவதால் காசில் கோடு மேடாக இருக்கும். கீறல் பள்ளம். நகத்தால் தடவினாலே தெரியும்.

பத்து ரூபாயில் நடுவட்டம் இல்லாத காசுகளும் விலைக்கு வருகின்றன. வளையம் தனியாக அடிபட்டிருந்தால் உலோகம் ஓட்டைக்குள் பிதுங்கி, உள்விளிம்பு உருக்குலைந்திருக்கும். ஓட்டைச் சுவர் நேராகவும் வளையத்தின் படம் கச்சிதமாகவும் இருந்தால், யாரோ பிற்பாடு தட்டி வெளியே எடுத்தது.

அப்புறம் இந்த "வேறு உலோகம்" வியாபாரம், அதாவது தவறுதலாக வேறு உலோக வில்லையில் அடித்த காசு என்று சொல்லி விற்பது. செம்பு நிறத்தில் ஒரு ரூபாயா? காந்தத்தைக் காட்டுங்கள். 1992 முதல் வந்த 25 மில்லிமீட்டர் ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகு, 4.85 கிராம், காந்தத்தில் ஒட்டும். செம்புக் காசு என்று சொல்லித் தருவது காந்தத்தில் ஒட்டி, எடையும் கிட்டத்தட்ட அதே அளவில் இருந்தால், அது முலாம் பூசிய ஒரு ரூபாய்தான். அதன் விலை ஒரு ரூபாய்.